விருந்தாளி எஞ்சினைத் தேடுமுன் சொந்தப் பாதையை அளந்துவிடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறிய பாரம்பரிய ரயில்பாதையில் வார இறுதிகளில் வேலை செய்கிறேன். எட்டு கிலோமீட்டர் பாதை, தேசிய ரயில்பாதையோடு இணைப்பு கிடையாது. அடுத்த இலையுதிர்கால நீராவித் திருவிழாவுக்கு வெளியிலிருந்து ஓர் எஞ்சினை வரவழைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கமிட்டியில் சிலர் புகழ்பெற்ற நீராவி எஞ்சினான ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்தான் வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனை முதலில் ஓரமாக வைப்போம். டெண்டர் (கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் வண்டி) இல்லாமலே அது 96 டன், ஓர் அச்சுக்கு ஏறக்குறைய 22 டன். உங்கள் பாதை முன்பு ஒரு கிளைப்பாதையாக இருந்திருந்தால், அதன் பாலங்களும் மதகுகளும் அந்தப் பளுவை நினைத்துக் கட்டியவையாக இருக்காது. "ஒரு வாரம்தானே" என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள், தலையாட்டிவிடாதீர்கள்.

எஞ்சின் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் பாதைப் பொறியாளரிடம் போய் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: அச்சுக்கு அதிகபட்சம் எத்தனை டன், யார்டு உட்பட எல்லா இடத்திலும் மிகக் கூர்மையான வளைவு எது, மிகத் தாழ்ந்த பாலம் எது, தண்டவாளத்தை மிக நெருங்கி நிற்கும் பிளாட்ஃபார விளிம்பு எது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் எஞ்சின்களில் சிலிண்டர் வெளியே இருப்பவை மற்றவர்களுடையதைவிட அகலம். அவர்கள் பாதை அப்படி விசாலம். உங்கள் பிளாட்ஃபாரத்தில் அது உரசாமல் போகும் என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது, அளந்துதான் ஆக வேண்டும்.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். என்னைக் கேட்டால், உங்கள் அளவுக்கு ஒரு பேனியர் டாங்க் போதும், அதாவது பாய்லரின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி தொங்கும் கிரேட் வெஸ்டர்னின் சிறிய எஞ்சின். ஏறக்குறைய 47 டன், டெண்டர் கிடையாது, ஒரே லாரி. அதில் 5700 என்ற வகையில் மட்டும் 863 கட்டினார்கள், 16 மிஞ்சியிருக்கின்றன. கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் பிளாக் ஃபைவ் என்ற டெண்டர் எஞ்சின். எஞ்சின் மட்டும் 72 டன், இரண்டு லாரி, செலவும் அதற்கேற்ப. கூட்டம் பிரபலமான பெயருக்காக மட்டும் வருவதில்லை, இதுவரை உங்கள் பாதையில் ஓடாத எஞ்சின் எதுவானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

சரி, இணைப்பு இல்லாததால் சாலைதான் வழி. லாரி, டிரெய்லர், எஞ்சின் எல்லாம் சேர்ந்து 80 டன்னைத் தாண்டினால் சாலைக்கும் பாலங்களுக்கும் பொறுப்பானவர்களுக்கு முழுதாக 5 வேலை நாள் முன்பும், போலீசுக்கு 2 வேலை நாள் முன்பும் தகவல் போக வேண்டும். 150 டன்னைத் தாண்டினால் தனி அனுமதி. இதெல்லாம் லாரிக் கம்பெனியின் வேலை, அவர்களுக்குப் பழக்கம். ஆனால் உங்கள் யார்டு வாசலில் அந்த நீளமான வண்டி திரும்புமா, இறக்கும் இடத்தில் மண் அமிழாமல் தாங்குமா என்பது உங்கள் வேலை, அவர்களை நேரில் வரவழைத்துக் காட்டிவிடுங்கள். பாய்லரிலும் டெண்டரிலும் தண்ணீர் இல்லாமல் வரட்டும். பிளாக் ஃபைவ் டெண்டரில் 4,000 கேலன் பிடிக்கும், அதுவே 18 டன்.

அடுத்தது எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பது. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் இதை யாரும் லாரிக்காரரிடம் சொல்லவில்லை. எஞ்சின் தப்பான பக்கம் பார்த்து வந்து இறங்கியது, அதைத் திருப்ப டர்ன்டேபிளும் (சுழலும் மேடை) இல்லை, திருவிழா முழுக்க டெண்டரை முன்னே விட்டு மேடேறினோம். புகைப்படக்காரர்கள் முணுமுணுத்தது ஒரு பக்கம், கரி போட்டுத் தண்ணீரைக் கவனிக்கும் ஃபயர்மேன் பட்ட பாடு இன்னொரு பக்கம். புகைபோக்கி மேட்டைப் பார்த்திருந்தால் பாய்லர் தண்ணீர் பின்னால் சாய்ந்து, கரி எரியும் ஃபயர்பாக்ஸின் கூரையை மூடும். பின்புறமாக ஏறினால் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், கூரை வெளியே தெரியாமலிருக்கத் தண்ணீரை எப்போதும் கூடுதலாக வைத்திருக்க வேண்டும், கொஞ்சம் மிஞ்சினால் அது நீராவியோடு சிலிண்டருக்குள் போய்விடும். கணக்கு எளிதுதான்: பொதுவாக எஞ்சின் டிரெய்லரின் பின்பக்கத்திலிருந்து ஏறி அதே பக்கமாகத்தான் இறங்கும். புகைபோக்கியை முன்னே விட்டு ஏறியிருந்தால், இறங்கி நிற்கும்போது புகைபோக்கி சாய்தளத்தைப் பார்த்திருக்கும். அப்போது டெண்டர் லாரி முதலில் வந்து இறக்கிவிட்டுப் போக வேண்டும், எஞ்சின் இரண்டாவது. மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் எஞ்சின் முதலில். இதை ஒரு காகிதத்தில் படமாக வரைந்து, எஞ்சினை ஏற்றிவிடும் ஷெட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.

பாய்லர் விஷயத்தில், பத்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் முழு ஓவர்ஹாலுக்கு இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்பதை எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் கூடவே கேட்க வேண்டியது, வருடாந்தர ஆய்வுச் சான்று எந்தத் தேதி வரை, கடைசி வாஷ்அவுட் (பாய்லரை உள்ளே கழுவுவது) எப்போது, அடுத்ததற்கு முன் எத்தனை நாள் ஓட்டலாம் என்பது. திருவிழா நடுவில் வாஷ்அவுட் வந்தால் ஆற வைத்து, கழுவி, திரும்பச் சூடேற்ற நாள் கணக்கில் ஆகும். தண்ணீரில் என்ன மருந்து போடுகிறார்கள் என்றும் கேளுங்கள், உங்கள் மருந்தும் அவர்களுடையதும் ஒத்துப்போகாவிட்டால் பாய்லருக்குள் நுரைக்கும். அப்புறம் கரி. தெற்கு வேல்ஸில் பல பாதைகளுக்குக் கரி தந்த ஃபோஸ்-ஒய்-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடியதிலிருந்து ஆளாளுக்கு ஒரு கரி எரிக்கிறார்கள். உரிமையாளர் எதை ஒப்புக்கொள்வார் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பிரேக்கில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எஞ்சின் குழாயில் வெற்றிடம் உண்டாக்கினால்தான் பெட்டிகளின் பிரேக் விடும். கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்கள் 25 அங்குல வெற்றிடத்தில் ஓடியவை, மற்றவர்கள் 21. 25இல் ஓடிய பெட்டிகளோடு 21 எஞ்சினை மாட்டினால் பிரேக் விடாது, ஏனென்றால் பெட்டிகளின் சிலிண்டரில் இருக்கும் வெற்றிடத்தை அந்த எஞ்சினால் எட்டிப்பிடிக்க முடியாது. ஒருவர் ரயில் நெடுக நடந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரேக்கை விடுவிக்கும் கயிற்றை இழுத்துவிட வேண்டும். திருவிழாவில் ஒவ்வொரு நடைக்கும் எஞ்சின் மாறும், ஆறு பெட்டிக்குக் கயிறு இழுத்தால் அட்டவணை காலை பதினொன்றுக்கே கந்தல். பேனியர் டாங்கை வரவழைத்தால் அதை 21க்கு மாற்றி அமைக்க உரிமையாளர் சம்மதிப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். அதில் டிரைவர் நிற்பது வலதுபக்கம் என்பதையும் உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள், சிக்னல் பார்ப்பதும் டோக்கன் (ஒற்றைப் பாதையில் போக அனுமதியாகக் கையில் தருவது) வாங்குவதும் பக்கம் மாறும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது, எஞ்சின் பழுதானால் யார் பணம் என்பது. உங்கள் டிரைவர் தவறால் வந்த பழுதா, தேய்மானத்தால் வந்ததா என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும், லாரியில் இருக்கும்போது யாருடைய காப்பீடு என்பதும். கையெழுத்தாகும்வரை போஸ்டர் அடிக்காதீர்கள், அடித்தாலும் எஞ்சின் மாறலாம் என்று ஒரு வரி சேருங்கள்.

இறக்கிய நாளுக்கும் முதல் ரயிலுக்கும் இடையில் குறைந்தது ஐந்து நாளாவது விடுங்கள். டெண்டரை மாட்டி, சக்கர இடைவெளியை அளந்து, மெதுவாகச் சூடேற்றி, உரிமையாளரின் ஆள் கூடவே நிற்கக் காலிப் பெட்டிகளோடு ஒரு தடவை போய்வர அவ்வளவு வேண்டும். திரும்பிப் போகும் லாரியையும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள், திருவிழா முடிந்த திங்கட்கிழமை மற்ற பாதைக்காரர்களும் அதே லாரியைத்தான் கேட்பார்கள்.