சாங்ஷாக்கில் பின்வாங்கிய பிரிகேடை ஏன் கொண்டாடுகிறார்கள்?

இரண்டாம் உலகப்போரில், 1944 மார்ச்சில், மணிப்பூரின் உக்ருல் பக்கம் உள்ள சாங்ஷாக் குன்றில் நின்றது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 50-வது இந்தியப் பாராசூட் பிரிகேட். பேர்தான் பாராசூட், அங்கே சண்டை போட்டதெல்லாம் தரைப்படையாகத்தான். கூர்க்காக்கள், இந்தியப் பாராசூட் வீரர்கள், உதவிக்கு ஒரு மராட்டா பட்டாலியன்.

எதிரே, இன்றைய நாகாலாந்தில் உள்ள கோஹிமாவை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானின் 31-வது டிவிஷனின் ஒரு பகுதி. மார்ச் 22 முதல் 26 வரை சண்டை. குன்று முழுக்கப் பாறை, பதுங்குகுழியை ஆழமாகத் தோண்ட முடியவில்லை. முள்கம்பி கிடையாது, குடிக்கத் தண்ணீரும் போதவில்லை. விமானங்கள் போட்ட பொருட்களில் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் விழுந்தது. 26 இரவு பின்வாங்க உத்தரவு வந்தது.

சரி, அப்படியென்றால் தோல்விதானே? இடம் போனது உண்மை. ஆனால் கோஹிமாவில் அப்போது காவல் மிகக் குறைவு. அங்கே கூடுதல் பிரிட்டிஷ் இந்தியப் படை போய்ச் சேர, சாங்ஷாக்கில் ஜப்பானியரைத் தடுத்துவைத்த அந்த நாட்கள் தேவைப்பட்டன. இன்னொன்று, இறந்த ஜப்பானிய அதிகாரியிடம் கிடைத்த வரைபடத்தை நகலெடுத்து, எதிரி வரிசைக்குள் புகுந்து இம்பாலில் இருந்த தலைமையகத்தில் சேர்த்தார்கள். அதில் கோஹிமாத் தாக்குதல் திட்டமே இருந்தது. என்னைக் கேட்டால், அந்தப் பிரிகேடுக்கு உரிய மதிப்பு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.