கேள்வி – பதில்: ஜி.ஐ.எஸ் பயிற்சிக்கு வன்னியை விட்டுப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் புவியியல் இறுதி வருடம் படிக்கிறேன். மூன்று மாதம் ஜி.ஐ.எஸ் (கணினியில் இட விபரங்களை வைத்து வரைபடம் செய்வது) பயிற்சி செய்ய வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் கொழும்புக்குப் போகிறார்கள். அங்கே அறை எடுத்துத் தங்க எங்கள் வீட்டில் வசதியில்லை. வன்னியில் இருந்துகொண்டே உருப்படியாக ஏதும் பழகலாமா, இல்லை போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதானா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தாராளமாகப் பழகலாம் தங்கச்சி. நானும் கிளிநொச்சியில்தான் தொடங்கினேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

விளம்பரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். காணிப் பயன்பாட்டுக் கொள்கைத் திட்டமிடல் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம், அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, நீர்ப்பாசனத் திணைக்களம், நில அளவைத் திணைக்களம், கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் என்று வரைபடம் இல்லாமல் வேலை ஓடாத இடங்கள் எங்கள் மாவட்டங்களிலேயே இருக்கின்றன. துறைத் தலைவரின் கடிதத்தோடு நேரே போய்க் கேளுங்கள். போகும்போது நீங்களே கீறிய ஒரு வரைபடமும் கையில் இருக்கட்டும், சான்றிதழ்க் கட்டை விட அதுதான் பேசும். உங்களுக்குப் பக்கத்தில் முத்தையன்கட்டுக் குளம் இருக்கிறதே, அதையே எடுங்கள். சென்டினல்-2 செய்மதிப் படம் இலவசம், 10 மீற்றர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒரு தடவை கிடைக்கும். பெப்ரவரியில் ஒரு படம், செப்ரெம்பரில் ஒரு படம் எடுத்துத் தண்ணீர் நின்ற பரப்பை இரண்டிலும் கீறிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கார்த்திகை மார்கழியில் மேகம் மூடிவிடும், அந்த நேரத்துக்கு மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற சென்டினல்-1 ராடார் படம்தான் சரி. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் நின்றதே, அப்படியான நாட்களைப் பார்க்க அதுதான் உதவும்.

இனி, விரிவுரை மண்டபத்தில் கிடைக்காத விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியின் முதல் மாதம் ஒரு அலுவலகத்தில் குளங்களின் பட்டியலைத் தந்து ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். ஒரு குளம்கூட வன்னியில் இல்லை, எல்லாம் வங்காள விரிகுடாவுக்குள் கிடந்தன. அரை நாள் முழி பிதுங்கின பிறகுதான் விளங்கியது. ஒரு இடத்தை எண்களால் குறிக்கிற ஆள்கூற்று முறைகள் இரண்டு இலங்கையில் இன்றும் கலந்து புழங்குகின்றன. ஒன்று பழைய கண்டவளை (நீர்கொழும்புப் பக்கத்து ஊர், எங்கள் கண்டாவளை இல்லை), மற்றது புதிய எஸ்.எல்.டி. 99. பழையதில் மையப்புள்ளிக்கு 2,00,000 மீற்றர் என்று வைத்து எண்ணத் தொடங்குவார்கள், புதியதில் 5,00,000. புதிய எண்களைப் பழையது என்று சொல்லி ஏற்றினால் எல்லாம் கிழக்கே 300 கிலோமீற்றரும் வடக்கே 300 கிலோமீற்றரும் தள்ளிப் போய் விழும். கியூ.ஜி.ஐ.எஸ் என்ற வரைபட மென்பொருளில் பழையதின் இலக்கம் 5234, புதியதின் இலக்கம் 5235. யார் கோப்பைத் தந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய பாடம் வெளியில் கிடைத்தது. செய்மதிப் படத்தில் நல்ல பச்சையாகத் தெரிந்த ஒரு துண்டை வயல் என்று வகைப்படுத்திவிட்டு, சரிபார்க்க மோட்டார் சைக்கிளில் போனோம். வரம்பில் மண்வெட்டியோடு நின்ற ஐயா என் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, உது வயலில்லை, குளம்" என்றார். அலைகரை வரைக்கும் தாமரை மூடிக் கிடந்தது, இலையைத் தவிரத் தண்ணீர் கண்ணில் படவேயில்லை. செய்மதிக்கு இலை எல்லாம் ஒரே பச்சைதான். பிறகு அவரே துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் உடைந்தது, மழைக்கு எந்த வளவுகளுக்குள் தண்ணீர் ஏறும் என்று நடந்து நடந்து காட்டினார், நான் தொலைபேசியில் கியூஃபீல்ட் செயலியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புள்ளி போட்டேன். அந்த ஒரு பின்னேரம் எனக்கு ஒரு தவணைப் படிப்புக்குச் சமம். கொழும்பில் இருந்தால் உங்கள் குளத்தைப் பார்க்க இரவு பஸ் ஏற வேண்டும். இங்கே சைக்கிளே போதும்.

ஊர்ப்பெயர்கள் இன்னொரு தலையிடி. பழைய கோப்புகளில் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார்கள், யூனிகோடுக்கு மாற்றாமல் எதுவும் தேட முடியாது. ஆங்கிலத்தில் என்றால் புதுக்குடியிருப்பை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பெயரை வைத்து அட்டவணைகளை இணைக்காமல் கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தை வைத்து இணையுங்கள்.

போட்டோகொப்பி எடுக்கச் சொன்னால் எடுங்கள், அதில் ஒன்றும் குறைந்துபோகாது. ஆனால் முதல் கிழமையிலேயே பொறுப்பதிகாரியிடம், "இங்கே எல்லாரும் அடிக்கடி தேடுகிற, ஆனால் இல்லாத வரைபடம் எது?" என்று கேட்டுவிடுங்கள். அதைச் செய்து அந்தச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: எங்கள் பக்கத்தில் காணி என்பது ஆறாத புண். காட்டு எல்லைக் கோடு ஒன்று தள்ளி விழுந்தால் ஒரு குடும்பத்தின் நித்திரை போய்விடும். பயிற்சியில் கையில் கிடைக்கிற காணி விபரத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், நெருங்கிய சொந்தம் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: என் மடிக்கணினி பழையது, 4 ஜிபி நினைவகம்தான். ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருள் வாங்கக் காசும் இல்லை.
– வாசகர், நெடுங்கேணி

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. கியூ.ஜி.ஐ.எஸ் இலவசம், ஒன்றில் கை பழகினால் மற்றதைப் பிடிப்பது கஷ்டமில்லை. முழு மாகாணத்தின் படத்தையும் ஏற்றாமல் உங்கள் பிரதேச செயலகப் பிரிவை மட்டும் வெட்டி எடுத்து வேலை செய்யுங்கள், 4 ஜிபி தாங்கும்.

கேள்வி: மகளுக்குக் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் ஜி.ஐ.எஸ் பயிற்சி கிடைத்திருக்கிறது. அனுப்பப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயம், இந்த மண்ணில் யாருக்குத்தான் அது இல்லை. ஆனால் ஜி.ஐ.எஸ் வேலை பெரும்பாலும் அலுவலகத்துக்குள்தான். களத்திலிருந்து வரும் அளவுகளை வைத்து, எந்தத் துண்டு துப்புரவாக்கப்பட்டது, எது மிச்சம் என்று கீறுவது. களத்தைப் பார்க்கக் கூட்டிப்போனாலும் முதலில் விளக்கம் சொல்லி, கவசமும் முகமறைப்பும் போட்டு, துப்புரவாக்கிய பாதையில் மட்டும்தான் நடக்க விடுவார்கள். அங்கே வெடி அகற்றுகிறவர்களிலேயே எங்கள் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போக முதல் மூன்று விஷயத்தை மகளைக் கேட்கச் சொல்லுங்கள்: காப்புறுதி உண்டா, போக்குவரத்து யார் பொறுப்பு, களத்தில் கூட இருக்கப் போவது யார். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் அனுப்பிவையுங்கள்.