பானைத் தண்ணீரும் எக்ஸ்ரே பிலிமும்

கேள்வி: பழைய 4x5 இஞ்ச் கேமரா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதில் படத்துக்கு ஒரு தாளாகப் போடும் ஷீட் பிலிம் விலையையும் அதைக் கழுவும் டேங்க் விலையையும் கேட்டால் தலை சுற்றுகிறது. குளியலறையிலேயே சிக்கனமாகக் கழுவ வழி உண்டா ஐயா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: உண்டு தம்பி. ஸ்டுடியோவை மூடிய பிறகு நானும் குளியலறையில்தான் கழுவுகிறேன். டேங்க் வேண்டாம், பிளாஸ்டிக் ட்ரே மூன்று போதும்.

மருத்துவச் சாமான் கடையில் 8x10 இஞ்ச் எக்ஸ்ரே பிலிம் கேளுங்கள், பச்சை ஒளிக்கான ரகம். ஒன்றை நறுக்கினால் நாலு 4x5. அளவு பிசகாமல் நறுக்கினால், கேமராவில் பிலிமைச் செருகும் ஹோல்டருக்குள் போகாது. நீளத்திலும் அகலத்திலும் ஒரு மில்லிமீட்டர் குறையுங்கள். சாதாரண ஷீட் பிலிம் என்றால் கும்மிருட்டு வேண்டும். இதற்குச் சிவப்பு விளக்கு எரியலாம். சிவப்புச் சாயம் பூசிய ஜீரோ வாட் பல்பை மட்டும் நம்பாதீர்கள். ஒரு துண்டுப் பிலிமின் மேல் காசை வைத்து, விளக்கடியில் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பாருங்கள். காசின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது.

எக்ஸ்ரே பிலிமில் இரண்டு பக்கமும் மருந்து உண்டு, நகம் பட்டாலே கீறிவிடும். அதனால் ட்ரேயின் அடியில் போட்டோ பிரேம் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். இடுக்கி வேண்டாம், கையுறை போட்டு மூலையைப் பிடியுங்கள். படத்தை வரவழைக்கும் டெவலப்பர் கரைசலில் உள்ள மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும்.

முதல் ட்ரேக்கு டெவலப்பர், டி-76 என்ற ரகம், நீங்களே கலக்கலாம். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. வெந்நீரில் மெட்டாலை முதலில் போடுங்கள். சல்பைட் முந்திக்கொண்டால் மெட்டால் லேசில் கரையாது. ஆறியதும் சம அளவு தண்ணீர் சேர்த்து, முதலில் ஐந்து நிமிடம் பிலிமை அதில் வைத்துப் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்தில் படம் ஏறுவது தெரியும், கூடக் குறைய வைக்கலாம். நடு ட்ரேயில் வெறும் தண்ணீர், கடைசியில் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, லிட்டருக்கு 250 கிராம். ஹைப்போ கரையும்போது தண்ணீர் ஜில்லிட்டுப் போகும். முந்தின நாளே கலந்துவிடுங்கள்.

நம் ஊரில் எதிரி சூடுதான். ஒரு மே மாத மத்தியானம், மாடித் தொட்டிக் குழாயைத் திறந்து கழுவினேன். மூலையில் ஜெலட்டின் பால் ஆடை மாதிரி சுருண்டு என் விரலோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து முந்தின ராத்திரி மண்பானையில் பிடித்த தண்ணீர்தான், டெவலப்பரில் சேர்க்கவும் சரி, அலசவும் சரி. மூன்று ட்ரேயும் 24 டிகிரி பக்கம் இருந்தால் போதும்.

ஆள் படம் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். இந்தப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் பிரிண்டில் கறுப்பாக விழும். வெற்றிலை போட்ட வாயோடு என் மாமியாரை எடுத்தேன். அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட இன்றுவரை அனுமதி இல்லை.