கறிவேப்பிலைக்கு எப்படி வெள்ளைக்காரர் பெயர் வந்தது?

கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முராயா கோனிகீ. இப்போது பெர்கெரா கோனிகீ என்றும் எழுதுகிறார்கள். அறிவியல் பெயர் என்றால் ஒரு செடிக்கு உலகத்துக்கே பொதுவாக வைக்கும் இரண்டு சொல் பெயர், அவ்வளவுதான். கோனிக் என்பவர், செடிகளுக்கு இப்படி இரண்டு சொல் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் மாணவர். 1768இல் தமிழகக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர், அந்தப் பகுதிச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார், அதில் அவர் பெயரே இலையோடு ஒட்டிக்கொண்டது.

சரி, எதற்குத் தனிப் பெயர்? சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நாம் கறிவேப்பிலை என்போம், மலாய்க்காரர் டாவுன் காரி என்பார் (அந்தக் காரியும் நம் கறிதான்!). வீட்டில் செல்லப்பெயர், பள்ளியில் முழுப்பெயர் என்று எத்தனை இருந்தாலும் ஐசி (அடையாள அட்டை) எண் ஒன்றுதானே, அதுபோல.

பெயரில் இருப்பவர்தான் கண்டுபிடித்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் கப்பலேறும் முன்பே அது நம் ரசத்தில் மிதந்துகொண்டிருந்தது.