குதிரையேற்றப் போட்டியில் ஹெல்மெட் ஏன் கட்டாயம்? நன்றாக ஓட்டுபவருக்கும் தேவையா?

குதிரையேற்ற ஹெல்மெட் என்பது கடினமான வெளி ஓடு, உள்ளே தெர்மாகோல் போன்ற நுரை, தாடைக்குக் கீழே இறுக்கும் பட்டை, இவ்வளவுதான். வேலை செய்வது அந்த நுரை. விழும்போது அது நசுங்கி, தலை சட்டென்று நிற்காமல் ஒரு கணம் தாமதித்து நிற்க வைக்கிறது. அந்தத் தாமதத்தில்தான் மூளைக்குப் போகும் அதிர்ச்சி குறைகிறது.

கிருஷ்ணகிரி மண்டியில் மாம்பழப் பெட்டிக்குள் வைக்கோல் வைப்பார்களே, அதே கதை. பெட்டி மட்டும் கெட்டியாக இருந்தால் பழம் அடிபட்டுவிடும். ஆனால் நசுங்கிய நுரை வைக்கோல் போல மறுபடி எழும்பாது. அதனால் ஒருமுறை பலமாக விழுந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் ஹெல்மெட்டை மாற்ற வேண்டும்.

ஓசூர் மத்திகிரிப் பண்ணை ஒரு காலத்தில் படைக்குதிரைகளுக்குப் பேர்போனது. அப்போதெல்லாம் யார் ஹெல்மெட் போட்டார்கள் என்று பெரியவர்கள் கேட்பார்கள். குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் போட்டியில் சமீபம் வரை உயரத் தொப்பிதான் மரியாதை. 2008 ஒலிம்பிக்கில் ஓட்டிய அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, 2010-ல் பயிற்சியின்போது குதிரை தடுக்கி விழுந்ததில் மண்டையோடு உடைந்து கோமாவுக்குப் போனார். அன்று ஹெல்மெட் இல்லை. 2021 முதல் சர்வதேச டிரஸ்ஸாஜ் போட்டிகளிலும் ஹெல்மெட் கட்டாயம்.

அப்புறம், வீட்டில் இருக்கும் பைக் ஹெல்மெட்டே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, அது சாலை விபத்துக்குச் சோதிக்கப்பட்டது, லாடத்தின் விளிம்பு போன்ற அடிக்கு அல்ல.