புதிய தொழிலுறவுச் சட்டமும் சங்கத்தின் பேர உரிமையும்: கேள்வி பதில்

தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2020, கடந்த 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஒரகடம், உதிரிபாக ஆலைத் தொழிலாளி: சார், எங்க ஆலையில ரெண்டு சங்கம். நிர்வாகம் இனி யாரோட பேசணும்?

மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் தொழிலாளர் பதிவேட்டில், இருப்பவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கத்தோடு மட்டும். யாருக்கும் அது இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு; 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி. அதற்கும் கீழே இருக்கும் சங்கத்துக்கு இடமில்லை.

சென்னை, சட்ட மாணவி: இதுவரை அங்கீகாரத்துக்குச் சட்டமே இல்லையா?

மத்தியச் சட்டத்தில் இல்லை. சென்னையின் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டம். அது பதிவையும் வழக்குகளிலிருந்து பாதுகாப்பையும் தந்தது. முதலாளி உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. மகாராஷ்டிரம் 1971-ல் தனிச்சட்டம் போட்டது, நாம் போடவில்லை. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்ததே, அதன் மையக் கோரிக்கையே சங்கத்துக்கு அங்கீகாரம்தான்.

கோவை, சங்கச் செயலாளர்: அப்படியென்றால் புதிய சட்டம் நல்லதுதானே தோழர்?

அந்த ஒரு பிரிவு மட்டும் நல்லது. பேரத்துக்கு வலு எங்கிருந்து வருகிறது? வேலையை நிறுத்த முடியும் என்பதிலிருந்து. அங்கேதான் கை வைத்திருக்கிறார்கள். பழைய சட்டத்தில், அதாவது 1947-ன் தொழில் தகராறுகள் சட்டத்தில், வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு என்பது மின்சாரம், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும். இப்போது எல்லா ஆலைக்கும். அந்த 14 நாளுக்குள் அரசு நியமித்த சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. அது முடிந்து 7 நாள் வரை வேலைநிறுத்தத்துக்குத் தடை. சமரசம் தோற்றால்? முன்பு அரசு அனுப்பினால்தான் ஒரு பொதுவான தகராறு, தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும். இப்போது நிர்வாகமே நேராக மனுப் போடலாம். போட்டதும் வழக்கு முடியும்வரையும், அதற்குப் பிறகு 60 நாளும் தடை. சட்டப்படி வேலைநிறுத்தம் செய்ய ஒரு நாளாவது மிச்சமிருக்கிறதா என்று காலண்டரை வைத்துக்கொண்டு நீங்களே தேடுங்கள்! திருத்துவதென்றால் இந்த இடத்தில்தான் முதலில் திருத்த வேண்டும்.

அதே செயலாளர்: எல்லோரும் ஒரே நாளில் லீவு போட்டால்?

பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே வேலைநிறுத்தம்தான். சட்டவிரோதமானால் ஆளுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஓசூர், மனிதவள அலுவலர்: சங்கத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் கமிட்டியோடு ஒப்பந்தம் போடலாமா?

போடலாம், ஆனால் அது கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். சமரச அதிகாரி முன்னால் போடும் ஒப்பந்தம், பழைய சட்டத்தின் 12(3) பிரிவு ஒப்பந்தம், எல்லாத் தொழிலாளர்களையும் கட்டும், நாளை வேலைக்குச் சேருபவர் உட்பட. கமிட்டி வழி இப்போதைக்கு மலிவு. அடுத்த ஊதியப் பேச்சில் சங்கம் அதே கோரிக்கையோடு வாசலில் நிற்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒப்பந்தத் தொழிலாளி: அண்ணா, எங்களுக்கு இந்த 51-ல் ஓட்டு உண்டா?

நீங்கள் கான்ட்ராக்டரின் ரோலில் இருக்கிறீர்கள் தம்பி. ஆலையின் கணக்கில் வர மாட்டீர்கள். கான்ட்ராக்டரிடம் தனியாகச் சங்கம் வைத்துப் பேசலாம். ஆனால் உங்கள் கூலியை முடிவு செய்வது ஆலை நிர்வாகம், அது அந்த மேசைக்கே வராது.