புரிட்டோ சரி, எந்த ஊர் புரிட்டோ?

*ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஆபீஸைச் சுற்றி புரிட்டோ விற்கிற கடைகள் சில இருக்கின்றன. ஒன்றில் சோறும் ராஜ்மாவும் போட்டு முழங்கை மொத்தத்துக்குக் கட்டித் தருகிறார்கள். இன்னொன்றில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸை உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள். மூன்றாவது கடைக்காரரோ சோறு போட்டால் அது புரிட்டோவே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி? எதைத்தான் சாப்பிடுவது?*
- வாசகி, ஓசூர்

மூன்று பேரும் சரிதான், ஆனால் மூன்று பேரும் மூன்று ஊர்ச் சமையலைச் சொல்கிறார்கள். பிரியாணி என்றதும் ஆம்பூரா திண்டுக்கல்லா என்று நாம் கேட்பதில்லையா, அப்படி இதிலும் ஊரைக் கேட்டுவிட்டுத்தான் நல்லது கெட்டது பேச முடியும்.

டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் உள்ளீடு வைத்துச் சுருட்டியதுதான் புரிட்டோ, பூர்வீகம் வடக்கு மெக்சிகோ. அந்த நாட்டில் பெரும்பாலான இடங்களில் மக்காச்சோள டார்ட்டியாதான் அன்றாடச் சாப்பாடு, வடக்கே சோனோரா, சிவாவா பக்கம்தான் கோதுமை. அமெரிக்க எல்லையை ஒட்டிய சியுடாட் ஹுவாரெஸ் நகரத்துப் புரிட்டோவைப் பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும், அவ்வளவு ஒல்லி. மெல்லிசான டார்ட்டியாவில் சுண்டக் காய்ச்சிய இறைச்சியோ, மசித்த பீன்ஸோ, மிளகாய்ச் சாறில் வெந்த உருளைக்கிழங்கோ, ஏதோ ஒன்று, அதிகம் போனால் இரண்டு. சோறு கிடையாது. உங்கள் மூன்றாவது கடைக்காரர் இந்தக் கட்சி.

முழங்கை மொத்தம் என்றீர்களே, அது சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 1960களில் உருவானது. எல் ஃபாரோ என்ற கடை 1961-லேயே தாங்கள் விற்றதாகச் சொல்கிறது, லா கும்ப்ரே என்ற கடை 1969-ஐச் சொல்லி நாங்கள்தான் முதல் என்கிறது, அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. பெரிய டார்ட்டியாவை ஆவியில் இளக்கி, சோறு, பீன்ஸ், இறைச்சி, சால்சா என்ற காரத் தக்காளிக் கலவை, புளித்த க்ரீம், அவகாடோ மசியல் எல்லாம் அடைத்து அலுமினியத் தாளில் கட்டுவது இந்த வகை. சான் பிரான்சிஸ்கோவில் சமையல்காரராக இருந்த ஸ்டீவ் எல்ஸ் இதைப் பார்த்துவிட்டுத்தான் 1993-ல் டென்வரில் சிப்போட்லே கடையைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாத்திரங்கள் வரிசையாக இருக்க, இந்தப் பக்கம் நாம் நகர்ந்துகொண்டே அது வேண்டும் இது வேண்டாம் என்று கை காட்டுகிற முறை உலகமெல்லாம் பரவியதில் அந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரில் 2012-ல் பெர்ட் முல்லர் என்ற அமெரிக்கர் தொடங்கிய கலிஃபோர்னியா புரிட்டோ கடைகளும் இந்த வரிசை முறைதான்.

வேடிக்கை என்னவென்றால், சான் டியேகோ நகரத்தில் போய் கலிஃபோர்னியா புரிட்டோ கேட்டால் வருவது உங்கள் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் சமாச்சாரம்! தணலில் வாட்டிய மாட்டிறைச்சி, சீஸ், உருளை வறுவல், அவ்வளவுதான். அங்கே சோறும் பீன்ஸும் வழக்கமில்லை. இது போக மேலே குழம்பு ஊற்றி சீஸ் உருக்கி முள்கரண்டியால் சாப்பிடுவது, நியூ மெக்சிகோவில் முட்டையும் உருளையும் வைத்துக் காலை டிபனாகச் சாப்பிடுவது என்று கிளைகள் நிறைய.

எனக்கு எது பிடிக்கும் என்றால், ஹுவாரெஸ் ஒல்லிதான். காரணம் டார்ட்டியா. உள்ளே ஏழெட்டுச் சாமான் அடைத்துவிட்டால் வெளியே இருப்பது வெறும் பொட்டலத் தாள் மாதிரி ஆகிவிடும், ரொட்டி நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒல்லியானதில் ஒளிக்க இடமில்லை. எந்தக் கடை வாசலிலும் நான் முதலில் பார்ப்பது டார்ட்டியாவைத்தான்: ஆங்காங்கே பழுப்புப் புள்ளி விழுந்து, மடித்தால் விரியாமல், பச்சை மாவு வாடை இல்லாமல் இருந்தால் உட்காரலாம்.

அடுத்து, அடுக்குகிறவர் கை. சோறு ஒரு குவியல், பீன்ஸ் அதற்குப் பக்கத்தில் ஒரு குவியல், க்ரீம் கடைசியில் ஒரு குவியல் என்று வைத்துவிட்டுச் சுருட்டினால் முதல் கடி வெறும் சோறு, கடைசிக் கடி வெறும் க்ரீம். கை தெரிந்தவர் எல்லாவற்றையும் நீளவாக்கில் கோடு கோடாக இடுவார், கரண்டி பீன்ஸைப் பாத்திர விளிம்பில் சாய்த்துத் தண்ணீர் வடியவிட்டு அப்புறம்தான் போடுவார். பிறகு இரண்டு ஓரத்தையும் உள்ளே மடக்கி, முன்பக்கத்தைத் தூக்கிப் போர்த்தி, தன் பக்கமாக ஒரு இழு இழுத்து இறுக்கிவிட்டு உருட்டுவார். அந்த இழுப்பு இல்லாவிட்டால் பாதியில் உங்கள் சட்டையில்தான் விழும்.

*மகள் பெங்களூரிலிருந்து வரும்போது ஆசையாக வாங்கி வருகிறாள். கிருஷ்ணகிரி வந்து பிரித்தால் கொழகொழவென்று இருக்கிறது. அங்கே சூடாகச் சாப்பிட்டால் நன்றாகத்தான் இருந்தது என்கிறாள். என்ன செய்யலாம்?*
- வாசகி, கிருஷ்ணகிரி

அலுமினியத் தாளுக்குள் ஆவி போக வழியில்லை, பஸ்ஸில் வருகிற நேரம் முழுக்க டார்ட்டியா தன் ஆவியிலேயே ஊறுகிறது. சால்சா, க்ரீம் இரண்டையும் தனிக் கிண்ணத்தில் வாங்கச் சொல்லுங்கள், சோற்றைப் பாதி ஆக்கச் சொல்லுங்கள், சுருட்டிய பிறகு கல்லில் போட்டு நாலா பக்கமும் சிவக்க வாட்டித் தரக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்துவிட்டு, காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், மடிப்பு அடியில் இருக்கும்படி வைத்துச் சிறு தீயில் புரட்டுங்கள். மூடி போடக் கூடாது. மைக்ரோவேவ் பக்கமே போக வேண்டாம். கோழி வைத்ததாக இருந்தால் வெயில் காலத்தில் இவ்வளவு தூரம் கொண்டுவராமல் இருப்பதே நல்லது, சமைத்த இறைச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது.

*சார், அமெரிக்காவில் சிறந்த புரிட்டோவைக் கண்டுபிடிக்கப் போட்டியே நடந்ததாமே, நிஜமா?*
- கல்லூரி மாணவர், பர்கூர்

நிஜம்தான் தம்பி. புள்ளிவிவரத்துக்குப் பேர் போன ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் 2014-ல் நடத்தியது. வாடிக்கையாளர் மதிப்பீடுகளை அலசி, விவரம் தெரிந்தவர்களையும் கேட்டு 64 கடைகளைப் பொறுக்கி, ஒரு பத்திரிகையாளரை ஊர் ஊராக அனுப்பிச் சாப்பிட வைத்து மதிப்பெண் போட்டார்கள். (எனக்கு ஏன் இப்படி ஒரு வேலை வாய்க்கவில்லை?) ஜெயித்தது சான் பிரான்சிஸ்கோவின் லா டாக்கேரியா. கவனிக்க வேண்டியது, சோறு வைப்பதற்குப் பேர் போன அந்த மிஷன் பகுதியிலேயே இருந்துகொண்டு சோறே வைக்காத கடை அது. கேட்டால் பொன்னிறமாக வாட்டியும் தருவார்கள்.

நம் போனில் தெரியும் நட்சத்திரங்களை மட்டும் நம்பி நீங்கள் போகாதீர்கள். அதில் பாதி ஏசிக்கும் பார்க்கிங்குக்கும் போட்டது.

*சப்பாத்தி ரோலுக்கு இவ்வளவு அலட்டலா?*
- வாசகர், காவேரிப்பட்டணம்

அலட்டல் கொஞ்சம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொந்தம் நீங்கள் நினைப்பதைவிட நெருக்கம். பஞ்ச காலத்தில், 1966-ல், இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்கியது. லெர்மா ரோஹோ 64, சோனோரா 64 என்ற குட்டை ரகங்கள். பசுமைப் புரட்சிக் கோதுமையின் தொடக்கம் அதுதான். சோனோரா என்பது மேலே சொன்ன அதே கோதுமை டார்ட்டியா ஊர். அப்புறம் மிளகாய், தக்காளி எல்லாம் அந்தப் பக்கத்து வரவுதானே, இராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கு ஏன் கோபம்?

*மைதா வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் வயலில் விளையும் கேழ்வரகிலோ மக்காச்சோளத்திலோ புரிட்டோ செய்ய முடியாதா?*
- வாசகர், பென்னாகரம்

புரிட்டோ அளவுக்கு முடியாது. இரண்டு மாவிலும் இழுவை கிடையாது, பெரிதாகத் தேய்த்துச் சுருட்டினால் விண்டுவிடும். மெக்சிகோக்காரர்களே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து அரைத்துத்தான் டார்ட்டியா தட்டுகிறார்கள், அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு, மடித்துச் சாப்பிடும் டாக்கோவுக்கு. கடையில் விற்கும் கார்ன்ஃப்ளவரை வாங்கி முயற்சி செய்ய வேண்டாம், அது வெறும் ஸ்டார்ச். முழுக்கோதுமை மாவு முக்கால் பங்கு, கேழ்வரகு மாவு கால் பங்கு என்று வெந்நீரில் பிசைந்தால் சின்னதாக ஒல்லியாகச் சுருட்டலாம். உள்ளே மொச்சையை வேகவைத்து, பூண்டு வதக்கி மசித்து வையுங்கள். ராஜ்மா போடுவதென்றால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதித்து வேக வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டும்.

*கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் சின்னதாக ஒரு புரிட்டோ கடை போடலாம் என்று நானும் தம்பியும் யோசிக்கிறோம் ஐயா. பெங்களூர் கடைகள் மாதிரி வரிசைக் கவுண்டர் வைப்பதா, எப்படி?*
- வாசகர், கிருஷ்ணகிரி

வரிசைக் கவுண்டர் வேண்டாம். அது மத்தியானம் ஆபீஸ் கூட்டம் ஒரேயடியாக வந்து நிற்கிற இடத்துக்கான ஏற்பாடு, இருபது பாத்திரம் சூடாகவும் சில்லென்றும் காத்திருக்க வேண்டும், ஆள் வராத நாளில் அத்தனையும் குப்பைக்கு. பைபாஸில் வண்டி எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஹுவாரெஸ் முறைக்குப் போங்கள். நாலே நாலு உள்ளீடு, எல்லாம் சுண்டக் காய்ச்சியது, அடுப்பில் மெல்ல சூடாக இருந்தாலே போதும். ஒரு கல், ஒரு ஆள். ஓட்டுகிறவர் ஒரு கையில் வைத்துச் சாப்பிட ஒல்லிதான் தோது, சொட்டவும் சொட்டாது.

டார்ட்டியாவைப் பாக்கெட்டில் வாங்காதீர்கள். உங்களுக்குப் பரோட்டா மாஸ்டர் கிடைப்பது கஷ்டமா என்ன? கால் கிலோ மைதாவுக்கு ஐம்பது கிராம் டால்டா, உப்பு, வெந்நீர் என்ற கணக்கில் பிசைந்து அரை மணி மூடி வைத்து, மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெய் இல்லாத கல்லில் பக்கத்துக்கு அரை நிமிஷம் போடச் சொல்லுங்கள். மாஸ்டர் பழக்க தோஷத்தில் எண்ணெய் ஊற்றுவார், கூடவே நின்று தடுங்கள். எடுத்ததும் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில்.

சால்சாவுக்குத் தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை போதும், தக்காளியின் விதைத் தண்ணீரை மட்டும் பிழிந்துவிடுங்கள். சீசனில் பெங்களூரா மாங்காயைப் பொடியாக நறுக்கித் தக்காளிக்குப் பதில் போட்டால் பெங்களூர்க் கடைகளில் கிடைக்காத சரக்கு உங்களிடம் இருக்கும், புளிப்பு மிதமாக இருப்பதால் காரத்தை அடக்காது. ஆடி பாதியில் காய் வரத்து குறைந்ததும் போர்டிலிருந்து அழித்துவிடுங்கள், மாம்பழக் கூழை வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள்.